வீட்டு டிபி-ல கை வைக்கிறதுக்கு முன்னாடி: எதைப் போடணும், எந்த வரிசைல போடணும், எப்போ கழட்டணும்

புதுசா வேலைக்கு வர்ற பசங்க செய்யுற தப்பு அனேகமா ஒண்ணுதான். கிளவுஸ் இருக்கும், கண்ணாடி இருக்கும், எல்லாம் பைக்குள்ள இருக்கும். டிபி (வீட்டு சர்க்யூட் எல்லாத்துக்கும் கரண்ட பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ்) கவரை வெறுங்கையால கழட்டி ஓரமா சுவத்துல சாய்ச்சு வச்சிட்டு, உள்ள ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு, அதுக்கப்புறம் நிதானமா கிளவுஸ மாட்டுவாங்க. ஆனா ரொம்ப ஆபத்தான நேரமே அந்தக் கவர் வெளிய வர்ற நேரம்தான், அது முடிஞ்சு போயிருக்கும்.

அதனால இதுல பொருளோட பேரைவிட வரிசையத்தான் அதிகமா சொல்லப் போறேன். கவர் ஸ்க்ரூல கை வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாம் உடம்புல இருக்கணும், உள்ள கரண்ட் இல்லன்னு மீட்டர்ல பாத்து உறுதியான பிறகுதான் கழட்டணும். இது எலக்ட்ரீஷியனுக்கும் அவங்ககிட்ட வேலை கத்துக்கிறவங்களுக்கும் எழுதினது. வயரிங் தெரியாதவங்க கியர் (கிளவுஸ், கண்ணாடி மாதிரி பாதுகாப்புச் சாமான்) வாங்கி மாட்டிக்கிட்டு டிபி-ய திறக்கலாம்னு நினைக்க வேண்டாம், கியர் வேலை தெரிஞ்ச ஆளத்தான் காப்பாத்தும்.

## 1. ரெண்டு ஆபத்து இருக்கு, ஒரே கியர் ரெண்டுக்கும் போதாது

முதல்ல ஷாக். உடம்பு வழியா 10 மில்லி ஆம்பியர் அளவு போனாலே கை இறுகிப் பிடிச்சுக்கும், விடணும்னு நினைச்சாலும் விட முடியாம போயிரும். 30, 40 தாண்டி கொஞ்ச நேரம் நீடிச்சா இதயத் துடிப்பு தாறுமாறா போக வாய்ப்பு இருக்கு. ஒரு 40 வாட் குண்டு பல்ப் எடுக்கிற கரண்ட்கூட இதைவிட அதிகமா இருக்கும், அவ்வளவு கம்மி.

ரெண்டாவது ஆர்க், அதாவது ஷார்ட் ஆகும்போது கரண்ட் காத்து வழியாப் பாஞ்சு கிளப்புற வெளிச்சமும் சூடும். இத வீட்டு டிபி-ல யாரும் நினைக்கிறதே இல்ல, "அதெல்லாம் ஃபேக்டரில, சப்ஸ்டேஷன்ல நடக்கும்"னு சொல்லிருவாங்க. உங்க கையில இருக்கிற எம்சிபி-ய (ஓவர்லோட், ஷார்ட் ஆனா தானா விழுற ஸ்விட்ச்) திருப்பிப் பாருங்க, ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள 6000ன்னோ 10000ன்னோ போட்டிருக்கும். ஷார்ட் ஆனா அத்தனை ஆம்பியர் வரைக்கும் அறுத்து நிறுத்த முடியும்னு அர்த்தம். வீட்டு லைன்லயே ஷார்ட் ஆகும்போது ஆயிரக்கணக்குல ஆம்பியர் வரலாம்ங்கிறதுக்காகத்தான் அப்படி செய்றாங்க. ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனை பேஸ் பஸ்பாருக்கும் (கரண்ட் வர்ற செம்புப் பட்டை) எர்த் ஆன மெட்டல் பாக்ஸுக்கும் நடுவுல பட்டா அத்தனையும் அந்த முனை வழியாப் போகும், செம்பு உருகித் தெறிக்கும், கண்ணுக்கும் முகத்துக்கும் முன்னாடி.

ஷாக்குக்கு ரப்பர். ஆர்க்குக்கு துணி, கண்ணாடி, ஷீல்ட், லெதர். ரப்பர் கிளவுஸ் மட்டும் மாட்டிட்டு நைலான் டி-ஷர்ட்ல நிக்கிறவர் பாதிப் பாதுகாப்போடதான் நிக்கிறார்.

## 2. "மெயின் ஆஃப் பண்ணிட்டேனே, அப்புறம் எதுக்கு?"

இந்தக் கேள்விய எல்லாருமே கேப்பாங்க. மெயின் ஸ்விட்ச் ஆஃப் பண்ணா அதுக்குக் கீழ இருக்கிறதுதான் ஆஃப் ஆகும். மீட்டர்ல இருந்து மெயினுக்கு வர்ற வயரும் அது மாட்டியிருக்கிற மேல் டெர்மினலும் லைவ்வாவேதான் இருக்கும், அதுவும் அதே பாக்ஸுக்குள்ள, கை போற இடத்துல இருந்து ஒரு சாண் தூரத்துல. அந்த இன்கமிங்க ஆஃப் பண்ண வழி இருந்தா அங்கயே ஆஃப் பண்ணிருங்க, வழி இல்லாத டிபி-ல அந்த டெர்மினல் கடைசி வரைக்கும் லைவ்னு நினைச்சுத்தான் வேலை.

இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், சோலார் இருக்கிற வீட்டுல இன்னொரு பக்கத்துல இருந்தும் கரண்ட் உள்ள வரும். ஒரு சர்க்யூட்டோட நியூட்ரல இன்னொரு சர்க்யூட்டோட சேர்த்து இழுத்து வச்சிருப்பாங்க, நீங்க கழட்டுற நியூட்ரல்ல வேற அறை லோட் ஓடிட்டு இருக்கும், கழட்டின நிமிஷம் அந்த முனை லைவ்.

இன்னொண்ணு, ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைன கட் பண்ற ஸ்விட்ச்) இருக்கு அதனால ஷாக் அடிக்காதுன்னு நம்புறது. பேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் சமமா இல்லன்னாதான் அது ட்ரிப் ஆகும். ஒரு கை பேஸ்லயும் ஒரு கை நியூட்ரல்லயும் பட்டா ரெண்டும் சமமாவே இருக்கும், அதுக்கு நீங்க ஒரு பல்ப் மாதிரிதான் தெரிவீங்க. ஆர்சிசிபி-க்கு மேல இருக்கிற வயர்ல பட்டா அதுக்குத் தெரியவே தெரியாது.

ஆஃப் பண்றதும் கியர் போடறதும் ஒண்ணுக்கு ஒண்ணு பதில் இல்ல. ஆஃப் பண்ணணும், ஆஃப் ஆச்சுன்னு நிரூபிக்கணும், அந்த நிரூபிக்கிற வேலைக்குத்தான் முழு கியரும்.

## 3. கிளவுஸ்: இதுல மட்டும் சமாளிக்காதீங்க

எலக்ட்ரிக்கல் ரப்பர் கிளவுஸ் கிளாஸ் வாரியா வரும். கிளாஸ் 00, 500 வோல்ட் ஏசி வரைக்கும், லேபிள் வெளிர் பழுப்பு (பீஜ்) நிறம். கிளாஸ் 0, 1000 வோல்ட் வரைக்கும், சிவப்பு லேபிள். வீட்டு டிபி சிங்கிள் பேஸா இருந்தாலும் த்ரீ பேஸா இருந்தாலும் ரெண்டுல எதுவும் தாங்கும். 00 மெல்லிசு, சின்ன ஸ்க்ரூ பிடிக்க சுலபம். 0 கொஞ்சம் தடிமன், ரொம்ப நாள் உழைக்கும். ஒண்ணுதான் வாங்க முடியும்னா நான் 0 சொல்வேன், ஆனா தடியா இருக்குன்னு கழட்டி வைக்கிற ஆளா இருந்தா 00 வாங்குங்க, கையில இருக்கிற 00 பையில கிடக்கிற 0-வைவிட மேல்.

மணிக்கட்டுப் பக்கம் கிளாஸ், வோல்டேஜ், சைஸ் எல்லாம் அச்சடிச்சிருக்கணும், ஐஇசி 60903 இல்லன்னா ஏஎஸ்டிஎம் டி120ன்னு ஸ்டாண்டர்ட் நம்பரும் இருக்கணும். பாத்திரம் கழுவுற கிளவுஸ், தோட்ட வேலைக்கான ரப்பர் முக்கின துணி கிளவுஸ், மெக்கானிக் போடற நைட்ரைல், இதெல்லாம் ரப்பர் மாதிரி தெரிஞ்சாலும் ஒரு வோல்ட்டுக்கும் டெஸ்ட் பண்ணது கிடையாது.

ரப்பருக்கு மேல லெதர் கிளவுஸ் கட்டாயம். அது வசதிக்கு இல்ல. டிபி பாக்ஸோட தகர விளிம்பு, வெட்டின செம்புக் கம்பி முனை, இதெல்லாம் ரப்பரக் கிழிச்சிரும், லெதர் அதத் தடுக்கும், ஆர்க் வந்தா முதல் சூட்டையும் வாங்கிக்கும். லெதரோட விளிம்பு ரப்பர் விளிம்பவிட விரல் பக்கமா குறைஞ்சது 13 மில்லிமீட்டர் உள்ள தள்ளி முடியணும். லெதர் ஈரத்துலயும் வியர்வையிலயும் கரண்ட் கடத்தும், அது நீண்டு போய் முழங்கைத் தோல்ல பட்டா ரப்பர் போட்டதே வீண். இந்த லெதர வேற வேலைக்கு எடுக்காதீங்க, அதுல ஒரு கம்பித் துணுக்கு குத்தி நின்னா உள்ள இருக்கிற ரப்பர ஓட்டை போட்டுரும்.

உள்ள ஒரு மெல்லிசான பருத்தி கிளவுஸ் போட்டுக்கலாம், வியர்வைய உறிஞ்சும். சைஸ் பாக்கும்போது அதையும் போட்டுப் பாத்து வாங்குங்க. விரல் நுனில தொளதொளன்னு நின்னா ஸ்க்ரூ பிடிக்கவே முடியாது, பத்து நிமிஷத்துல எரிச்சல்ல கழட்டித் தூரப் போட்டுருவீங்க.

## 4. ஒவ்வொரு தடவையும் காத்து டெஸ்ட்

கிளவுஸ் போடறதுக்கு முன்னாடி தினமும் ஒரு நிமிஷம். மணிக்கட்டு விளிம்ப ரெண்டு கையாலயும் பிடிச்சு, உள்ள காத்த அடைச்சு, வாய்ப்பக்கத்துல இருந்து விரல் பக்கமா இறுக்கமா சுருட்டுங்க. விரல் எல்லாம் உப்பி நிக்கும். கன்னத்துக்கிட்டயும் காதுகிட்டயும் கொண்டுபோய் வச்சு அமுக்கிப் பாருங்க, ஓட்டை இருந்தா மெல்லிசா காத்து கன்னத்துல படும், இல்ல "ஸ்ஸ்"னு சத்தம் கேக்கும். பலூன் மாதிரி ரொம்ப ஊத வேண்டாம், ஒண்ணரை மடங்குக்கு மேல விரிஞ்சா ரப்பர் கெடும். அப்புறம் உள்பக்கத்த வெளிய திருப்பி இன்னொரு தடவை.

ஒரு தடவை என்கூட வந்த ஒரு தம்பி "அண்ணே, புது கிளவுஸ்ணே, போன மாசம்தான் வாங்கினது, எதுக்குணே"ன்னான். சுருட்டிக் கன்னத்துல வைக்கச் சொன்னேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற அந்தக் கவட்டைல காத்து வந்துச்சு. கண்ணுக்குத் தெரியவே இல்ல, அந்த இடத்த இழுத்து வெளிச்சத்துல பிடிச்சாதான் ஊசி முனை அளவு தெரிஞ்சுச்சு. கிளவுஸ ஸ்க்ரூ டிரைவரோட ஒரே பையில போட்டு மாசம் முழுக்க தூக்கிட்டு அலைஞ்சிருக்கான், அவ்வளவுதான் காரணம். அன்னைக்கு அந்த ஜோடிய அங்கயே விரல வெட்டிப் போட்டேன், வேற யாரும் எடுத்து மாட்டிரக் கூடாதுன்னு.

ஓட்டை மட்டும் இல்ல, ரப்பர்ல மெல்லிசா வெடிப்பு, பிசுபிசுப்பு, ஒரு இடம் மட்டும் உப்பி மெத்துன்னு இருக்கிறது, எண்ணெய்க் கறை, எது இருந்தாலும் ஓரம் கட்டுங்க. பஞ்சர் ஒட்டிப் போடலாம்னு யோசிக்கவே கூடாது. இதுபோக வேலைக்கு எடுத்த கிளவுஸ 6 மாசத்துக்கு ஒரு தடவை லேப்ல வோல்டேஜ் குடுத்து டெஸ்ட் பண்ணணும். காத்து டெஸ்ட் ஓட்டையத்தான் காட்டும், ரப்பர் உள்ளுக்குள்ள பலவீனமானத காட்டாது.

## 5. துணி, ஷூ, உடம்புல இருக்கிற உலோகம்

பாலியஸ்டர், நைலான் வேண்டாம். ஆர்க் சூட்டுல அது உருகி தோலோட ஒட்டிக்கும், உரிச்சு எடுக்கும்போது தோலும் வரும். ஜெர்சி டி-ஷர்ட், ட்ராக் பேண்ட் எல்லாம் பெரும்பாலும் இதுதான், லேபிள் பாருங்க. உள்ளாடையும் இதே கணக்கு. முழுக்கை பருத்திச் சட்டை குறைந்தபட்சம். பருத்தி உருகாது, ஆனா தீப்பிடிக்கும்ங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கங்க, அதனால தினமும் டிபி வேலை பாக்கிறவங்க ஆர்க் ரேட்டட் சட்டையே வாங்கிரணும். அதுல சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கலோரின்னு போட்டிருக்கும். வெறும் தோல்ல 1.2 கலோரி பட்டாலே கொப்புளம் கிளம்புற தீக்காயம், அத வச்சுப் பாத்தா 4, 8 கலோரி தாங்குற சட்டை என்ன பண்ணும்னு புரியும். கைய மடிச்சு விடாதீங்க, பட்டன் மேல வரைக்கும்.

மோதிரம், காப்பு, வாட்ச், கழுத்துச் செயின், பெல்ட்ல தொங்குற சாவிக் கொத்து, சட்டைப் பையில இருக்கிற பேனா வரைக்கும் கழட்டிருங்க. குனியும்போது செயின் முன்னாடி ஆடும். மோதிரம் ஷார்ட் ஆனா அது சூடாகுறதுக்கு நேரமே எடுக்காது, கழட்டவும் வராது.

ஷூல "இஎச்" (எலக்ட்ரிக்கல் ஹசார்ட்)ங்கிற எழுத்து பாத்து வாங்குங்க. காஞ்ச நிலைல 18,000 வோல்ட்டுக்கு டெஸ்ட் பண்ண சோல் அது. நம்பர் பெருசா இருக்கேன்னு அத நம்பி வெறுங்கையால தொடக் கூடாது, ஈரம் பட்டாலோ சோல் தேஞ்சாலோ அடில ஆணி குத்தியிருந்தாலோ அந்தக் கணக்கு எல்லாம் போச்சு. ஆன்டி ஸ்டாட்டிக் ஷூன்னு ஒண்ணு இருக்கு, அது இதுக்கு நேர் எதிர், கரண்ட மெதுவா தரைக்கு அனுப்பத்தான் அத செய்றாங்க. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், மாத்தி வாங்கிட்டு வர்றவங்கள பாத்திருக்கேன்.

## 6. கண்ணும் முகமும்

பக்கவாட்டு மறைப்பு உள்ள பாலிகார்பனேட் சேஃப்டி கண்ணாடி எப்பவும் கண்ணுல இருக்கணும். பவர் கண்ணாடி போடறவங்க அதுக்கு மேல போடற மாதிரி வாங்கணும், மெட்டல் ஃபிரேம் பவர் கண்ணாடிய தனியா போட்டுட்டுக் குனியக் கூடாது.

லைவ்வா இருக்கலாம்னு சந்தேகம் இருக்கிற வரைக்கும் ஆர்க் ரேட்டட் ஃபேஸ் ஷீல்டும் வேணும், அதுக்கு அடில கண்ணாடியும். கிரைண்டிங்குக்குப் போடற ஷீல்ட் பறக்கிற துகளத் தடுக்கும், ஆர்க் சூட்டுக்கு அத செய்யல.

## 7. மீட்டரும் டூலும்கூட கியர்தான்

நியான் டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவர் எல்லார் பாக்கெட்லயும் இருக்கு. அது எரியணும்னா உங்க உடம்பு வழியா தரைக்குக் கொஞ்சம் கரண்ட் போகணும். ரப்பர் கிளவுஸ் போட்டுட்டு ரப்பர் மேட் மேல நின்னா அது எரியாது, பேஸ் முழுசா லைவ்வா இருந்தாலும் எரியாது! பசங்க ரெண்டுல ஒண்ணு பண்ணுவாங்க, எரியலன்னு நம்பிக் கை வைப்பாங்க, இல்லன்னா எரியுறதுக்காக கிளவுஸ கழட்டுவாங்க. ரெண்டுமே தப்பு. டிபி வேலைக்கு அந்த டெஸ்டர பையிலயே விட்டுருங்க. பேனா மாதிரி தொடாமப் பாக்கிற டெஸ்டரும் ஒரு முதல் தகவலுக்குத்தான், அது கத்தலன்னா கரண்ட் இல்லன்னு முடிவு பண்ணக் கூடாது.

ரெண்டு புரோப் (தொட்டுப் பாக்கிற முனை) உள்ள வோல்டேஜ் டெஸ்டர் இல்லன்னா மல்டிமீட்டர், கேட் 3, 600 வோல்ட்டுக்குக் குறையாம. மீட்டர் மேல CAT III-ன்னு ரோமன் எண்ல போட்டிருக்கும். கேட் 2 பிளக் பாயிண்ட்ல போடற சாமானுக்கு, கேட் 3 டிபி-க்கு, கேட் 4 வெளில இருந்து சப்ளை உள்ள வர்ற இடத்துக்கு. வயருக்கும் அதே ரேட்டிங் வேணும், புரோப் முனைல மூடி மாட்டி 4 மில்லிமீட்டர் மட்டும் வெளிய தெரியுற மாதிரி வச்சுக்கங்க, நீளமான முனை வழுக்கி ரெண்டு டெர்மினல சேர்த்துரும்.

சிவப்பு வயர் எந்த ஓட்டைல இருக்குன்னு தொடுறதுக்கு முன்னாடி பாருங்க. முந்தின வேலைல 10 ஆம்பியர் ஓட்டைல சொருகி கரண்ட் பாத்துட்டு அப்படியே மறந்திருப்பாங்க, அத பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வச்சா ஒரு கம்பியால ஷார்ட் பண்ணதுதான், மீட்டர் கையிலயே வெடிக்கும்.

ஸ்க்ரூ டிரைவர், பிளேயர் எல்லாத்துலயும் ரெட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட்னும் இருக்கணும். கைப்பிடில பிளாஸ்டிக் இருந்தா இன்சுலேட்டட்னு அர்த்தம் இல்ல. தண்டு முழுக்க முனை வரைக்கும் மூடியிருக்கிற ஸ்க்ரூ டிரைவர்தான் வேணும். டேப் சுத்தி சமாளிக்கிறத இதுல கணக்குல எடுக்க முடியாது.

## 8. நிக்கிற இடம்

காஞ்ச தரை, அதுமேல இன்சுலேட்டிங் ரப்பர் மேட். ஏணி வேணும்னா ஃபைபர், அலுமினியம் கூடாது. வெளிச்சத்துக்கு போனை வாயில கவ்வாதீங்க, தலைல மாட்டுற லைட், அதுவும் மெட்டல் பாடி இல்லாதது. கூட ஒரு ஆள் இருக்கணும், அவருக்கு எங்க ஆஃப் பண்றதுன்னு முன்னாடியே காட்டிருங்க, உங்களுக்கு ஏதாவது ஆனா முதல்ல ஆஃப் பண்ணணும், உங்களத் தொட்டு இழுக்கக் கூடாதுன்னு வாயால சொல்லி வச்சிருங்க. அவருக்கு சிபிஆர் (இதயம் நின்னா நெஞ்ச அமுக்கிச் செய்யுற முதலுதவி) தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லது.

## 9. போடற வரிசை

நகை, வாட்ச் கழட்டுறது முதல்ல. அப்புறம் சட்டை, ஷூ. மீட்டர நல்லா லைவ்வா இருக்கிற பிளக் பாயிண்ட்ல ஒரு தடவை பாத்துக்கங்க. சேஃப்டி கண்ணாடி, ஃபேஸ் ஷீல்ட். கடைசியா கிளவுஸ், காத்து டெஸ்ட் முடிச்சு.

கிளவுஸ் ஏன் கடைசின்னா, கிளவுஸ் போட்ட கையால கண்ணாடி சரி பண்றது, பட்டன் போடறது எல்லாம் வராது. வரலன்னா கழட்டுவீங்க, ஒரு தடவை கழட்டினா திரும்ப மாட்டுறதுக்கு மனசு சோம்பல் படும். மூக்கு அரிச்சாக்கூட கை எடுக்கத் தோணும், அதனால தண்ணி குடிக்கிறது, போன் பேசுறது எல்லாத்தையும் இதுக்கு முன்னாடியே முடிச்சிருங்க.

## 10. ஆஃப் பண்றது, பூட்டுறது, கவர் கழட்டுறது

முதல்ல எல்லா எம்சிபி-யும் ஒவ்வொண்ணா ஆஃப், அப்புறம் மெயின். லோட் இல்லாம மெயின் திறந்தா உள்ள ஸ்பார்க் குறைவு. மெயின் போடும்போதும் எடுக்கும்போதும் டிபி-க்கு நேரா நிக்காம பக்கவாட்டுல நின்னு முகத்த திருப்பிக்கங்க. இன்வெர்ட்டர், சோலார் எதுவா இருந்தாலும் அதையும் தனியா ஆஃப் பண்ணுங்க. எம்சிபி லாக் மாட்டி பூட்டு போட்டு சாவிய உங்க பையில வச்சுக்கங்க, "ஆள் வேலை பாக்குறாங்க"ன்னு ஒரு அட்டை தொங்க விடுங்க. உள்ள இருந்து யாராவது ஃபேன் ஓடலயேன்னு வந்து மெயின தட்டி விடுறது நிஜமாவே நடக்குது.

இப்போ கவர். கீழ் ஸ்க்ரூவ முதல்ல, மேல் ஸ்க்ரூவ கடைசியா கழட்டுங்க. மேல முதல்ல கழட்டினா கவர் முன்னாடி சாஞ்சு விழும், அதோட மேல் விளிம்பு உள்ள இருக்கிறதுல உரசும். கடைசி ஸ்க்ரூ கழட்டும்போது ஒரு கை கவர அமுக்கிப் பிடிச்சிருக்கணும். அப்புறம் மேலயும் கீழயும் ஆட்டாம நேரா உங்க பக்கமா இழுங்க.

அந்த ஸ்க்ரூ முனையப் பாருங்க. கூர்மையா இருந்தா வேற யாரோ தொலைஞ்ச ஸ்க்ரூவுக்கு பதிலா மரத்துக்குப் போடற ஸ்க்ரூவ போட்டிருக்காங்கன்னு அர்த்தம், அது உள்ள ஏதாவது வயர் இன்சுலேஷன்ல குத்தி நிக்கலாம், அப்படி இருந்தா கவர் முழுக்க லைவ்வா இருந்திருக்கும். கவர வெறுங்கையால தொடக் கூடாதுன்னு இவ்வளவு சொல்றது இதுக்காகத்தான். திரும்ப மாட்டும்போது மொட்டை முனை ஸ்க்ரூ போடுங்க.

## 11. கரண்ட் இல்லன்னு நிரூபிக்கிறது

மூணு படி. லைவ்வான ஒரு இடத்துல மீட்டர பாக்கிறது, வேலை செய்யப் போற இடத்துல பாக்கிறது, திரும்ப அதே லைவ் இடத்துல பாக்கிறது. கடைசிப் படிய அத்தனை பேரும் விட்டுருவாங்க. நடுவுல மீட்டர் வயர் உள்ளுக்குள்ள அறுந்திருந்தா பூஜ்யம்தான் காட்டும், அந்தப் பூஜ்யத்துக்கு என்ன அர்த்தம்னு கடைசிப் படிதான் சொல்லும்.

வீடு முழுக்க ஆஃப், லைவ் இடத்துக்கு எங்க போறதுன்னு கேப்பாங்க. இன்கமிங் ஆஃப் பண்ணாத டிபி-ன்னா மெயினோட மேல் டெர்மினல்லயே பாக்கலாம், முழு கியரோட. அதுவும் ஆஃப்னா பேட்டரில ஓடுற புரூவிங் யூனிட்னு ஒண்ணு வருது, மீட்டருக்கு அது வோல்டேஜ் குடுக்கும்.

பேஸ் நியூட்ரல், பேஸ் எர்த், நியூட்ரல் எர்த், மூணையும் பாருங்க. த்ரீ பேஸ்னா பேஸுக்கு பேஸும் சேர்த்து. நியூட்ரல் எங்கயாவது அறுந்திருந்தா பேஸ் நியூட்ரல் மட்டும் பாத்தா பூஜ்யம் வரலாம், பேஸ் எர்த் பாத்தாதான் 230 தெரியும்.

## 12. எப்போ கழட்டலாம், எப்போ திரும்பப் போடணும்

எல்லாம் பூஜ்யம்னா, லைவ்வா இருக்கிற மேல் டெர்மினல இன்சுலேட்டிங் ஷீட்டாலயோ அதோட மூடியாலயோ மறைங்க. இந்த வேலைய கிளவுஸோடதான் செய்யணும். மறைச்ச பிறகு ஷீல்டையும் கிளவுஸையும் எடுத்துட்டு வேலை பாக்கலாம், கண்ணாடி இருக்கட்டும், வெட்டின கம்பி தெறிக்கும். மறைக்க வழி இல்லாத பழைய டிபி-ன்னா வேலை முடியுற வரைக்கும் கிளவுஸ் கையிலயே.

சாப்பிடப் போய்ட்டு வந்தாலும், அஞ்சு நிமிஷம் வேற அறைக்குப் போய்ட்டு வந்தாலும், திரும்ப மீட்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் தொடணும்.

முடிச்சதும் உள்ள டூல், வயர் துண்டு, வாஷர் எதுவும் கிடக்கலன்னு லைட் அடிச்சுப் பாருங்க. எல்லாக் கியரும் திரும்ப உடம்புக்கு வரணும், கவர் முதல்ல மாட்டணும், அப்புறம்தான் மெயின் ஆன். சரியா வேலை செய்யுதான்னு பாத்துட்டு கவர் மாட்டுவோம்னு திறந்து வச்சே ஆன் பண்றவங்கதான் நிறைய. நீங்க புதுசா போட்ட கனெக்‌ஷன்ல தப்பு இருந்தா அது தெரியப் போறது அந்த நொடிலதான், அப்போ நடுவுல ஒரு தகடு இருக்கிறது நல்லது.

## 13. கிளவுஸ எப்படி வைக்கிறது

லேசான சோப்புத் தண்ணில கழுவி நிழல்ல காய வைங்க. வெயில், சூடான வண்டி டிக்கி, பெட்ரோல், கிரீஸ், கைக்குப் போடற பெட்ரோலியம் கிரீம், எல்லாமே ரப்பருக்கு எதிரி. மடிக்காம, உள்ள வெளிய திருப்பி வைக்காம, தனிப் பையில விரல் மேல பாக்க வாய் கீழ பாக்க தொங்க விடுங்க. மடிச்ச இடத்துலதான் முதல் வெடிப்பு வரும்.

அந்தப் பையோட உள்பக்கத்துல மார்க்கர்ல ரெண்டு தேதி எழுதுங்க, கடைசியா லேப் டெஸ்ட் பண்ண தேதி ஒண்ணு, அதுல இருந்து 6 மாசம் தள்ளி ஒண்ணு. பை மேல எழுதினா அழிஞ்சு போயிரும், உள்பக்கம் எழுதினா கிளவுஸ எடுக்கிற ஒவ்வொரு தடவையும் கண்ணுல படும்.